கணனி திறக்கவில்லையா? ஃபோர்மற் செய்யக் கொடுக்க முதல் இதைச் செய்து பாருங்கோ

(எமது கணனி உதவி வகுப்பில், புதிதாக வந்து தஞ்சம் கோரியிருக்கும் உறவுகளுக்காக ஆற்றப்பட்ட உரை. பேசியபடியே தருகிறோம்.)



உங்களில் சில பேரிடம் ஊரிலிருந்து கொண்டு வந்த மடிக்கணனி இருக்கும். சில பேருக்கு அண்ணரோ மச்சானோ பிறகு ஆரிடமாவது கொடுத்து அனுப்பியிருப்பினம். அதுக்குள்ளே படங்கள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆஸ்பத்திரித் துண்டு, உறவுகளைத் தேடி எழுதிய கடிதங்கள் எல்லாம் கிடக்கும். இங்கே வந்து பவரைப் போட்டால் விண்டோஸ் வராது. நீலத் திரை வரும், அல்லது வட்டம் சுத்திக்கொண்டே இருக்கும். உடனே பக்கத்து அறைக்காரர் சொல்லுவார், "ஃபோர்மற் பண்ணினால் சரிவரும்" எண்டு.

அவர் சொல்லுறது சரிதான், கணனி வேலை செய்யும். ஆனால் உள்ளே இருந்த ஆவணங்கள் போய்விடும். உங்கள் வழக்குக்கு அந்தப் படங்களும் கடிதங்களும்தான் முக்கியம். ஆகவே இண்டைக்கு நான் சொல்ல வந்தது ஒரே விசயம். விண்டோஸ் திறக்காவிட்டாலும் கோப்புகள் பெரும்பாலும் உள்ளே அப்படியே இருக்கும். வேறொரு இயங்குதளத்தை வெளியிலிருந்து ஓடவிட்டு அவற்றை எடுக்கலாம்.

இது எப்படி நடக்குது?

கணனியின் உயிர் இயங்குதளம். விண்டோஸ் ஒரு இயங்குதளம், லினக்ஸ் இன்னொன்று. வழமையாக அது வன்தட்டில் பதிந்திருக்கும். பவரைப் போட்டவுடன் கணனி முதலில் "எங்கே இருந்து தொடங்க வேணும்?" எண்டு தேடும். வழமையில் வன்தட்டுக்குப் போகும். நாங்கள் "இந்த இறுவட்டிலிருந்து தொடங்கு" அல்லது "இந்தப் பென் ட்ரைவிலிருந்து தொடங்கு" எண்டு சொன்னால் அங்கே போகும். அப்போது முழு இயங்குதளமும் கணனியின் தற்காலிக நினைவகத்தில், அதாவது ராமில், ஓடும். நாங்களாக ஏதும் எழுதாவிட்டால் வன்தட்டு தொடப்படாது. கணனியை நிற்பாட்டினால் ராம் வெறுமையாகும், வந்த விருந்தாளி போய்விடுவார். இதைத்தான் லைவ் சிடி எண்டு சொல்லுறது.

இது புதுசில்லை. 2000ஆம் ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் க்னொப்பர் என்பவர் க்னொப்பிக்ஸ் எண்ட லைவ் சிடியை வெளியிட்டார். 700 எம்பி இறுவட்டுக்குள் சுமார் 2 ஜிபி மென்பொருளைச் சுருக்கி வைத்திருந்தார். 2004இல் உபுண்டு வந்தது. அவர்கள் 2011 வரை கேட்பவர்களுக்கு இறுவட்டைத் தபாலிலேயே இலவசமாக அனுப்பினார்கள். இண்டைக்குக் கன மடிக்கணனிகளில் இறுவட்டுப் போட இடமே இல்லை. ஆகவே பென் ட்ரைவைத்தான் பாவிக்கிறம். பெயர் மாறினாலும் வேலை அதேதான்.

என்னென்ன தேவை?

இரண்டு பென் ட்ரைவ் வேணும். ஒன்று இயங்குதளத்துக்கு, 8 ஜிபி இருந்தால் போதும். மற்றது உங்கள் கோப்புகளைப் பிரதி எடுக்க, அதிலே நல்ல இடம் இருக்க வேணும். இரண்டையும் மாறிப் பாவிக்க வேண்டாம், மேலே ஒரு துண்டு ஒட்டி எழுதி வையுங்கோ.

புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ற் சுகம், விண்டோஸ் மாதிரியே இருக்கும். காசு இல்லை, சட்டப்படியானது. சுமார் 3 ஜிபி. வேலை செய்கிற இன்னொரு கணனியில், லினக்ஸ் மின்றின் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கோ. பிறகு ரூஃபஸ் அல்லது பலேனா எற்சர் எண்ட இலவச மென்பொருளால் பென் ட்ரைவில் எழுத வேணும். சும்மா இழுத்துப் போட்டால் வேலை செய்யாது. எழுதும்போது அந்தப் பென் ட்ரைவில் முன்பு இருந்தது எல்லாம் அழியும், ஆகவே வெறும் பென் ட்ரைவை எடுங்கோ.

தொடங்குவது எப்படி?

பென் ட்ரைவைச் செருகுங்கோ. பவரைப் போட்டவுடன் ஒரு விசையைத் திரும்பத் திரும்பத் தட்ட வேணும். டெல், லெனோவோ எண்டால் பெரும்பாலும் எஃப்12. எச்பி எண்டால் எஸ்கேப் அல்லது எஃப்9. ஏசுஸ் எண்டால் எஸ்கேப். ஒரு பட்டியல் வரும், அதிலே யூஎஸ்பி எண்டு இருப்பதைத் தெரிவு செய்யுங்கோ. ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளோடு 2020 இறுதியிலிருந்து விற்கும் மக் கணனிகளுக்கு இந்த முறை சரிவராது.

திரை வந்தவுடன் "இன்ஸ்டோல்" எண்டு ஒரு படம் தெரியும். அதைத் தொடவே கூடாது. அது வன்தட்டில் லினக்ஸைப் பதிகிற வழி. கவனமில்லாமல் போனால் எல்லாம் அழிந்துவிடும். நீங்கள் இப்போது பார்க்க மட்டும்தான் வந்திருக்கிறீர்கள்.

"கொம்பியூட்டர்" எண்ட படத்தைத் திறவுங்கோ. உங்கள் வன்தட்டு அங்கே தெரியும். அதற்குள்ளே "யூசர்ஸ்", அதற்குள்ளே உங்கள் பெயர், அதற்குள்ளே டெஸ்க்ரொப், டொகியூமென்ற்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ். இரண்டாவது பென் ட்ரைவைச் செருகி அதற்குப் பிரதி எடுங்கோ. "கட்" வேண்டாம், "கொப்பி" மட்டும். முடிந்ததும் பென் ட்ரைவை "இஜெக்ற்" கொடுத்த பிறகுதான் இழுக்க வேணும். பிறகு வேறு கணனியில் போட்டுத் திறக்குதா எண்டு பாருங்கோ. பார்த்த பிறகு கணனியை ஃபோர்மற் செய்யக் கொடுங்கோ, பரவாயில்லை.

ஒரு முக்கிய குறிப்பு. ஊரில் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்களை இங்கே திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். கோப்பு பழுதாய்ப் போச்சு எண்டு அழித்துவிடாதேங்கோ. பாமினி எழுத்துரு உள்ள கணனியில் திறந்தால் தமிழ் அப்படியே வரும்.

எப்போது நிற்பாட்ட வேணும்?

வன்தட்டிலிருந்து "டிக் டிக்" எண்டு சத்தம் வந்தால் உடனே நிற்பாட்டுங்கோ. அது இயந்திரப் பழுது. ஓட ஓடக் கூடும். அதற்குத் தரவு மீட்கிற ஆட்களிடம்தான் போக வேணும்.

வன்தட்டு பூட்டுப் போட்ட மாதிரித் தெரிந்து கடவுச்சொல் கேட்டால் அது பிற்லொக்கர். புதிய விண்டோஸ் கணனிகள் சிலவற்றில் அது தானாகவே போட்டிருக்கும். அதற்கு 48 இலக்கத் திறப்பு எண் ஒன்று இருக்கும். உங்கள் மைக்ரோசொஃப்ற் கணக்குக்குள் போனால் பல தடவை அங்கே கிடைக்கும். அந்த எண் இல்லாமல் ஆராலும் திறக்க ஏலாது. "நான் திறந்து தாறன், காசு தா" எண்டு சொல்லுபவரை நம்பாதேங்கோ.

இன்னொரு பக்கமும் இருக்கு

இந்த வழியில் போகும்போது விண்டோஸ் கடவுச்சொல்லை ஒருத்தரும் கேட்கமாட்டினம், கவனித்தீர்களோ? உங்களுக்கு வசதி. ஆனால் உங்கள் மடிக்கணனி கையில் கிடைக்கிற எவருக்கும் அதே வசதிதான். நாலு பேர் இருக்கிற வீட்டில், உங்கள் வாக்குமூலமும் ஊரில் உள்ளவர்களின் பெயர் முகவரியும் கணனியில் இருந்தால், விண்டோஸ் கடவுச்சொல் மட்டும் காவல் எண்டு நினைக்கக் கூடாது. வன்தட்டை மறைகுறியாக்கம் செய்ய வேணும். எப்படி எண்டு தெரியாவிட்டால் எங்களிடம் கேளுங்கோ, செய்து காட்டுவம். பிரதி எடுத்த பென் ட்ரைவையும் மேசையில் விட்டுவிட்டுப் போகாதேங்கோ.

அதேபோல, ஆரோ பாவித்த பழைய மடிக்கணனி உங்களுக்குக் கிடைத்தால், உள்ளே என்ன மென்பொருள் ஒளிந்திருக்குது எண்டு தெரியாது. அப்போதும் லைவ் முறையில் லினக்ஸை ஓடவிட்டு மின்னஞ்சல் பார்க்கலாம். நிற்பாட்டினால் வன்தட்டில் தடயம் இருக்காது. ஆனால் இணைய இணைப்புத் தருபவருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் எண்டு தெரியவரலாம். அதையும் மறைக்க வேண்டியவர்களுக்கு 2009 முதல் வரும் ரெயில்ஸ் எண்ட இலவச இயங்குதளம் இருக்குது, அது ரோர் வலையமைப்பு வழியாக மட்டும் இணையத்துக்குப் போகும். சில தளங்கள் அந்த வழியை அனுமதிக்காது, அதையும் நினைவில் வையுங்கோ. நூலகத்துக் கணனியிலோ கல்லூரிக் கணனியிலோ அனுமதி கேட்காமல் இதொன்றும் செய்யாதேங்கோ. வீண் பிரச்சினை வரும்.

சொலிசிற்றரிடம் கொடுக்கும்போது

எடுத்த படங்களை வெட்டாதேங்கோ, வெளிச்சம் கூட்டாதேங்கோ. கமராவில் எடுத்த படத்துக்குள்ளே எடுத்த திகதியும் நேரமும் பெரும்பாலும் பதிந்திருக்கும். வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அந்த விபரம் போய்விடும், படமும் சிறுக்கும். ஆகவே பென் ட்ரைவிலேயே கொடுங்கோ, அல்லது மின்னஞ்சலில் இணைத்து அனுப்புங்கோ. எந்தக் கணனியிலிருந்து, எப்போது, எப்படி எடுத்தது எண்டு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கோ. ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும்.

கணனி சரிவரும்வரை காத்திருந்து திகதியைத் தவறவிடாதேங்கோ. "என்னிடம் ஆவணம் இருக்குது, பழுதான கணனிக்குள் கிடக்குது" எண்டு இண்டைக்கே சொலிசிற்றருக்குச் சொல்லிவிடுங்கோ. மேலதிக அவகாசம் கேட்க வேண்டுமோ எண்டு அவர் தீர்மானிப்பார்.

இந்த வேலையைத் தனியச் செய்யப் பயமாக இருந்தால் மடிக்கணனியையும் சார்ஜரையும் ஒரு வெறும் பென் ட்ரைவையும் எடுத்துக்கொண்டு எங்கள் கணனி உதவி வகுப்புக்கு வாங்கோ. உங்கள் முன்னாலேயே செய்வம். உங்கள் கோப்புகளை நாங்கள் திறந்து வாசிக்கமாட்டம். அதுவரைக்கும் ஆர் என்ன சொன்னாலும் "ஃபோர்மற்" எண்ட சொல்லுக்குத் தலையாட்டாதேங்கோ.