சிரிப்பில் கலந்த கசப்பு

காசிமேட்டில் மீனவ இளைஞர் சிலருடன் 'ஜானே பி தோ யாரோ' என்ற இந்திப் படத்தை அண்மையில் கண்டேன். குந்தன் ஷா இயக்கி 1983இல் வெளிவந்த இப்படம் வசூலில் பெருவெற்றி பெறவில்லை. ஆயினும் அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதைப் பெற்றது. 2011இல் வெளிவந்த வடசென்னைக் கதையாகிய 'ஆரண்ய காண்டம்' அடைந்த நிலையும் இதுவே.

பிணமொன்று திரௌபதி வேடத்தில் நாடக மேடையேறும் காட்சியில் இளைஞர்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். இறுதியில், மேம்பாலம் இடிந்த பழி குற்றமற்ற புகைப்படக்காரர் இருவர்மீது சுமத்தப்படவே, சிரிப்பு அடங்கிற்று.

"நகைச்சுவைப் படத்துக்கு இப்படியா முடிவு, ஐயா?" என்று வருந்தினார் ஒருவர்.

"நல்லபடியாக முடிந்திருந்தால் இந்நேரம் மறந்திருப்போமே, அண்ணே!" என்றார் மற்றவர்.

சிரிக்க வந்தவர் கசப்பையும் ஏற்பதற்குச் சிறிது காலம் பிடிக்கிறது. முதல் வாரத்து வசூலைக் கொண்டே ஒரு படத்தை எடைபோடாதீர்கள்.