ஆங்கிலம் தொலைத்த ஆங்கிலம்



போட்டித் தேர்வுகளுக்கு அணியமாகும் தமிழிளைஞர் கைகளில் ‘ஆங்கில அருஞ்சொற்கள்’ என்னும் தொகுப்புகளைக் காணலாம். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். இரவெல்லாம் உருப்போட்டுக் காலையில் ஒப்பிக்கின்றனர். அச் சொற்களுள் எவை ஆங்கிலர்க்கு உரியவை, எவை ஆங்கிலர்க்கே அயலானவை என்பதை அத் தொகுப்புகள் பிரித்துக் காட்டுவதில்லை. இரண்டும் ஒரே மூட்டையிற் கட்டப்பட்டுள்ளன. ஒரு வகை, ஆங்கிலரின் பாட்டன் பூட்டன் வாயில் வழங்கிப் பின்னர் வழக்கு வீழ்ந்த தாய்மொழிச் சொற்கள். மற்றொரு வகை, இலத்தீன் கிரேக்க நூல்களினின்று கற்றோர் கொணர்ந்து இறக்கியும் பொதுமக்கள் நாவில் ஏறாத சொற்கள். முன்னவை புதையுண்ட பொன். பின்னவை வேர்பிடியாத நடவு. இவ் வேறுபாட்டை அறிந்து படிப்பவனுக்கு அவ் அருஞ்சொற்கள் தேர்வுச் சரக்காக மட்டும் இரா. ஒரு மொழி தன் உடைமையை எவ்வாறு இழந்தது என்னும் வரலாறாகவே அவை விளங்கும்.

ஆங்கிலத்தில் அறிவுத்துறைச் சொற்கள் இல்லை. அதனாலேயே அஃது இலத்தீனிடம் கையேந்திற்று என்பர் சிலர். உண்மை அதுவன்று. 1000ஆம் ஆண்டையொட்டி, இங்கிலாந்தின் தென்பகுதியாகிய டார்செட்டில் ஒரு துறவுமடத்தில் ஆல்பிரிக்கு என்னும் துறவி மாணவர்க்குப் பாடம் சொன்னார். இலத்தீன் இலக்கணத்தை இலத்தீனிலேயே கற்பிப்பது அக்கால வழக்கு. அவரோ அதனை ஆங்கிலத்தில் எழுதினார். இலக்கணத்துக்கு அக்கால ஆங்கிலர் வழங்கிய பெயர் ‘இசுட்டாப்கிராப்ட்டு’. எழுத்துத்திறன் என்பது அதன் பொருள். கணக்கியலுக்கு ‘இரீம்கிராப்ட்டு’, வானநூலுக்கு ‘துங்கோல்கிராப்ட்டு’, மருத்துவத்துக்கு ‘இலேச்சிகிராப்ட்டு’. ‘துங்கோல்’ என்றால் விண்மீன். ‘இலேச்சி’ என்றால் மருத்துவன். எல்லாம் தம் வீட்டுச் சொற்கள். தம் சொற்றொகுதி முழுவதையும் அவர்கள் ‘வேர்டுகோர்டு’ என்றனர். சொற்களஞ்சியம் என்று தமிழர் சொல்வதும் அதுவே!

அக் களஞ்சியம் கொள்ளை போனது எவ்வாறு? 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. திருச்சபையிலும் கல்விக்கூடத்திலும் இலத்தீன் முன்னரே அமர்ந்திருந்தது. ஆங்கிலம் உழவன் வீட்டிலும் ஆட்டுக்கிடையிலும் ஒதுங்கிற்று. ஆள்வோன் வாயில் வழங்காத மொழி உயர் பொருளைச் சொல்லும் வாய்ப்பை இழக்கும். சொல் இல்லாமையால் ஆட்சி போகவில்லை. ஆட்சி போனமையால் சொல் போயிற்று. இந்த வரிசையை மாற்றிச் சொல்வோரிடம் தமிழர் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

மருத்துவனைக் குறித்த அச் சொல்லின் கதியைப் பாருங்கள். ‘இலேச்சி’ பின்னர் ‘இலீச்சு’ எனத் திரிந்தது. மருத்துவனுக்கு இலத்தீன் வழிவந்த ‘டாக்டர்’ என்னும் பெயர் நிலைத்தபின், ‘இலீச்சு’ என்பது இன்று குருதியுறிஞ்சும் அட்டைக்கு மட்டுமே பெயர். நோய் தீர்த்தவன் பெயர் அகரமுதலியில் ‘வழக்கு வீழ்ந்தது’ என்னும் குறியோடு கிடக்கிறது.

இன்னொரு சொல் ‘இன்விட்டு’. ‘இன்’ என்பது உள். ‘விட்டு’ என்பது அறிவு. உள்ளறிவு, அதாவது உளச்சான்று. 1340இல் காண்டர்பரியில் மைக்கேல் என்னும் துறவி பிரெஞ்சு அறநூலொன்றைத் தம் கெண்டு வட்டார ஆங்கிலத்திற் பெயர்த்தார். அந் நூற்கு அவர் இட்ட பெயர் ‘அயன்பைட்டு ஆவ் இன்விட்டு’ என்பது. திரும்பத் திரும்பக் கடிக்கும் உள்ளறிவு என்று அதனைத் தமிழில் விரிக்கலாம். குற்றம் செய்தவன் நெஞ்சைக் குற்றமே கடித்துக்கொண்டிருக்கும் அல்லவா? படிப்பறியாத ஆயனுக்கும் விளங்கும் பெயர். இன்றோ, ‘இன்விட்டு’ இறந்து, இலத்தீன் வழிவந்த ‘கான்சென்சு’ ஆள்கின்றது. அச் சொல்லின் உறுப்புகள் எவை, வேர் எது என ஆங்கிலச் சிறுவனைக் கேட்டால் அவன் விழிப்பான். ‘உளச்சான்று’ என்பதைத் தமிழ்ச் சிறுவன் முன் வையுங்கள். உள்ளமும் அவனுக்குத் தெரியும், சான்றும் தெரியும். ஆசிரியன் துணையின்றியே பாதி பொருளை எட்டிவிடுவான்.

‘நாளை மறுநாள்’ என்பதைக் குறிக்கவும் ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தது: ‘ஓவர்மாரோ’. 1535இல் வெளிவந்த கவர்டேலின் விவிலிய மொழிபெயர்ப்பில் அதனைக் காணலாம். அதன் உடன்பிறப்பு செருமன் மொழியில் இன்றும் உயிரோடுள்ளது. ஆங்கிலரோ பல சொற்களைக் கோத்து நீட்டிச் சொல்கின்றனர்.

இனி, இரண்டாம் வகைச் சொற்களுக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் மீண்டும் ஏற்றம் பெற்றபோது, தம் பழஞ்சொற்களைத் தோண்டியெடுக்கக் கற்றோர் விரும்பவில்லை. இலத்தீன் நூல்களைப் புரட்டிக் கையிற் பட்டதையெல்லாம் ஆங்கிலத்திற் கொட்டினர். இத்தகைய சொற்களை ‘மைக்கூட்டுச் சொற்கள்’ என்று அக்காலத்து ஆங்கிலரே எள்ளினர். மக்கள் வாயினின்று வாராமல் எழுதுவோன் மைக்கூட்டினின்று வந்தவை என்பது கருத்து. அவற்றுட் பல பிறந்த ஊரிலேயே மடிந்தன. தப்பியவை இன்றைய அருஞ்சொல் தொகுப்புகளை நிரப்புகின்றன.

இக் கொட்டலின் விளைவு என்ன? 1604இல் இராபர்ட்டு காட்ரி என்பார் ஒரு நூல் வெளியிட்டார். அவர் பள்ளியாசிரியராயும் திருச்சபைப் பணியாளராயும் இருந்தவர். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகரமுதலி என அறிஞர் அதனைக் கொள்வர். ஏறத்தாழ 2500 சொற்கள் கொண்ட சிறு நூல். அதன் முதற்பதிப்பில் ஒரே படி எஞ்சி ஆக்சுபோர்டு நூலகத்தில் உள்ளது. உலகின் பெருமொழி எனப் போற்றப்படுவதன் முதல் அகரமுதலி எதற்காக எழுந்தது தெரியுமா? எபிரேயம், கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு ஆகியவற்றினின்று கடன்வாங்கிய கடுஞ்சொற்களை மகளிர்க்கும் கல்வி குறைந்தோர்க்கும் விளக்குதற்கென்று அதன் முகப்பிலேயே அச்சிட்டுள்ளனர். கிரேக்கச் சொல்லுக்கு ஒரு குறி, பிரெஞ்சுச் சொல்லுக்கு ஒரு குறி என அயற்பிறப்பையும் காட்ரி காட்டினார். அகரவரிசையில் ஒரு சொல்லை எப்படித் தேடுவது என்றும் அவர் கற்பிக்க வேண்டியிருந்தது.

தாய்மொழியிற் பேசும் மகளிர், அம் மொழியில் எழுதிய நூலைப் படிக்க அகரமுதலி வேண்டும்! தேவாலயத்தில் கேட்கும் உரை தாய்மொழியில் இருந்தும் விளங்காது! கலப்பினால் வரும் கேடு இதனினும் தெளிவாக வேறெங்கும் பதிவானதில்லை. கடன்சொல் கற்றவனுக்கு அணிகலன். கல்லாதவனுக்கு வீட்டு வாயிலில் எழுப்பிய சுவர்.

இதனைக் கண்டு வருந்திய ஆங்கிலரும் இருந்தனர். கேம்பிரிட்சில் கிரேக்கப் பேராசிரியராயிருந்த சான் சீக்கு அவர்களுள் தலையாயவர். ஆறாம் எட்வர்டு அரசனுக்கு ஆசிரியர். கிரேக்கமும் இலத்தீனும் கரைத்துக் குடித்தவர். அத்தகையவரே, ஆங்கிலம் பிறமொழி கலவாமல் தூய்மையாக எழுதப்பெறல் வேண்டும் என்றார். 1557இல் தாமசு ஓபி என்பாருக்கு வரைந்த மடலில், திருப்பிக் கொடாமல் வாங்கிக்கொண்டேயிருக்கும் மொழி கடனில் மூழ்கிய குடும்பம் போலாகும் என எச்சரித்தார். அயன்மொழி அறியாதவனே தூய்மை பேசுவான் எனத் தமிழ்நாட்டிற் சிலர் நகைப்பதுண்டு. அவர்கள் சீக்கின் கல்வியை அளந்து பார்க்கட்டும்.

விவிலியத்தின் மத்தேயு நூலைப் பெயர்த்தபோது சீக்கு தம் கொள்கையைச் செயலிற் காட்டினார். நூற்றுவர் தலைவனுக்கு இலத்தீன் வழிவந்த ‘செஞ்சூரியன்’ இருந்தது. அவர் ‘நூறு’ என்னும் ஆங்கிலச் சொல்லினின்றே ஒரு பெயர் ஆக்கினார். நிலவினாற் பித்துப்பிடித்தவனை ‘இலூனாட்டிக்கு’ என்றனர். அவர் நிலவைக் குறிக்கும் ‘மூன்’ என்பதினின்று ‘மூன்டு’ என்றார். உயிர்த்தெழுதலுக்கு ‘கெயின்ரைசிங்கு’, மீண்டெழுகை என்றார். சிலுவையில் அறைதலுக்கு ‘கிராசு’ என்பதினின்று வினை ஆக்கினார். அந்தக் ‘கிராசே’ தொன்றுதொட்டு இலத்தீனினின்று வந்த கடன் என்பது வேறு செய்தி. நெடுநாட் கலப்பில் மொழிப்பற்றாளனுக்கும் தன் பொருள் எது, பிறன் பொருள் எது என்பது மறைந்துபோகும். அம் மொழிபெயர்ப்பு முற்றுப்பெறவில்லை, 1843இல்தான் அச்சேறிற்று.

அவருக்குப்பின் 1573இல் இரால்ப்பு லீவர் என்பார் அளவைநூல் ஒன்றை எழுதி, அதற்கு ‘விட்டுகிராப்ட்டு’ (அறிவுத்திறன்) என்று பெயரிட்டார். முடிபுக்கு ‘எண்டுசே’ என்றார். முடிவாகச் சொல்வது என்பது பொருள். மறுப்புக்கு ‘நேசே’, உடன்பாட்டுக்கு ‘யேசே’. ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் ஓரசையாகக் குறுகியிருத்தலின், இரண்டு மூன்றைச் சேர்த்துப் புதுச்சொல் ஆக்குவது எளிது என்று அவர் காரணமும் காட்டினார். கேட்பாரில்லை.

முந்நூறு ஆண்டு கழித்து ஆல்பிரிக்கு பாடம் சொன்ன அதே டார்செட்டு மண்ணில் ஒருவர் எழுந்தார். வில்லியம் பார்ன்சு (1801–1886) உழவர் குடியிற் பிறந்து, பள்ளி நடத்திப் பிழைத்து, பல மொழிகளைத் தாமே கற்றுப் பின்னர் சிற்றூர்த் திருச்சபைப் பணியாளரானவர். டார்செட்டு உழவர் பேச்சிலேயே பாடிய பாவலர். புதின ஆசிரியர் தாமசு கார்டி அவரைப் போற்றி, அவர் பாக்களை 1908இல் தொகுத்து வெளியிட்டார். பார்ன்சு 1878இல் எழுதிய இலக்கண நூலின் பெயர் ‘இசுப்பீச்சுகிராப்ட்டு’. ஆங்கிலவுள்ளத்திற்கு ஆங்கிலத்தாலேயே ஆங்கிலத்தைக் கற்பிப்பது அவர் நோக்கம். பெயர்ச்சொல்லைப் ‘பொருட்பெயர்’ எனப் பொருள்படவும், வினையைக் ‘காலச்சொல்’ எனப் பொருள்படவும் அவர் குறித்தார். தொல்காப்பியம் படித்தவர்க்கு இவ் வழி புதிதன்று! நிலைத்திணை நூலுக்கு ‘வொர்ட்டுலோர்’, ஒளிப்படத்துக்குக் ‘கதிரவன் பதிப்பு’ எனும் பொருளில் ‘சன்பிரிண்ட்டு’, மக்கள் பலர் ஏறும் ஊர்திக்குப் ‘போக்குவெயின்’. ‘போக்கு’ என்றால் மக்கள்; ‘வெயின்’ என்றால் வண்டி.

அவர் சொற்களை ஆங்கில ஏடுகள் எள்ளின, பள்ளிகள் ஏற்கவில்லை. பள்ளி ஏற்காத சொல் பாட்டிலிருந்தும் பயனில்லை, நூலிலிருந்தும் பயனில்லை. ஆயினும் பழியெல்லாம் பிறர்மேல் அன்று. குழந்தைத் தள்ளுவண்டிக்கு அவர் ‘புசுவெயின்லிங்கு’ என்றார். மக்களோ நீண்ட இலத்தீன் பெயரையே ‘பிராம்’ எனக் குறுக்கிக்கொண்டனர். தூய சொல்லாயினும் நாவில் உருளாவிடில் நில்லாது. தமிழிற் சொல்லாக்குவோர்க்கும் இது பொருந்தும்.

முயற்சி முழுதும் வீணாகிவிட்டதென்று எண்ணற்க. 1846இல் வில்லியம் தாம்சு என்பார் ஓர் இதழுக்கு எழுதிய மடலில், மக்களின் வழிவழிக் கதையும் நம்பிக்கையும் பற்றிய கல்விக்குப் ‘போக்குலோர்’ என்னும் தூய ஆங்கிலத் தொடர்ச்சொல்லைப் பரிந்துரைத்தார். இன்று அதுவன்றி வேறு சொல் அங்கில்லை. முன்னுரைக்குப் ‘போர்வேர்டு’ என்பதும் அந் நூற்றாண்டில் எழுந்து நிலைத்ததே. காலத்தே வந்து, நாவுக்கு இசைந்து, கையாள ஆளும் இருந்தால் தூய சொல் வெல்லும்.

கலந்ததனாலன்றோ ஆங்கிலம் உலகமொழி ஆயிற்று என்னும் வினா எப்போதும் எழும். காட்ரி அகரமுதலி எழுதிய நாளில் ஆங்கிலம் போதிய அளவு கலந்துதான் இருந்தது. ஆயினும் அத் தீவுகளுக்கு வெளியே அதனைச் சீண்டுவார் இல்லை. அதனை உலகெங்கும் கொண்டுசென்றவை கப்பலும் வணிகமும் பீரங்கியுமே. இந்தியாவிற் கல்விக்கு ஆங்கிலத்தை முன்னிறுத்தி மெக்காலே 1835இல் குறிப்பெழுதியபோது, அவர் பின்னே நின்றது சொல்வளம் அன்று, கும்பினியின் ஆட்சி. அரசனைச் சார்ந்தது என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று சொல் உண்டே, அவை நுண்பொருள் தருமே என்பார்க்கு, அஃது உண்மையே என்க. ஆனால் ‘பல்’ என்று ஆங்கிலத்திற் சொல்லத் தெரிந்த பிள்ளை, பல் மருத்துவத்துக்கு வேறோர் இலத்தீன் சொல்லைப் புதிதாய்க் கற்கவேண்டியிருப்பதும் உண்மையே. நுண்பொருளின் ஈட்டம் கற்றார்க்கு. அதன் விலையைக் கொடுத்தவர் கல்லார்.

இவ் விலையைத் தமிழரும் இன்றளவும் கொடுக்கின்றனர். இங்கிலாந்தில் 1362ஆம் ஆண்டுச் சட்டம் வழக்குமன்றத்தில் ஆங்கிலத்திலேயே வழக்காடல் வேண்டும் என்றது. அச் சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டது! 1733இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தாலேயே அங்கே வழக்குப் பதிவுகள் ஆங்கிலமாயின. தம் மொழியை மன்றமேற்ற ஆங்கிலர்க்கே அத்துணைக் காலம் ஆயிற்று. இந்நாட்டு உயர்மன்ற முறையீடுகளிலோ, ‘காட்டுகின்றது’ என்பதற்குச் ‘சோவெத்து’ என்னும் வினைமுற்றை இன்றும் தட்டெழுதுகின்றனர். ‘எத்து’ என்னும் அவ் ஈறு ஆங்கிலர் பேச்சில் மறைந்து முந்நூறு ஆண்டுக்கு மேலாயிற்று. நிலத்தைப் பறிகொடுத்த உழவன், இங்கிலாந்திலும் எவரும் பேசாத ஆங்கிலத்தில் முறையிடுகிறான். என்ன எழுதியுள்ளது என்று வழக்குரைஞரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறான்.

பழைய ஒப்பந்தங்களில் வரும் ‘இண்டெஞ்சர்’ என்பதும் அத்தகையதே. ஒரே தோலில் இருபடி எழுதி, நடுவே பல்வரிசை போல வளைத்து வெட்டி, இருவரும் ஆளுக்கொன்று வைத்திருப்பர். பின்னர்ப் பொருத்திப் பார்த்தால் பொய்ப்படி தெரிந்துவிடும். பல்லுக்குரிய இலத்தீன் சொல்லே அதன் வேர். நல்ல ஏற்பாடுதான்; சொல்லின் பொருளை அறிந்து கையெழுத்திட்ட தமிழர் எத்தனை பேர்?

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலில்லை. விலையுரிமை எழுதிப் பதிந்த இடத்தைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘ஆவணக்களரி’ என்கின்றன. அந்த ‘ஆவணம்’ நெடுங்காலம் அருஞ்சொல்லாய்க் கிடந்து, அண்மைக் காலத்தில் எழுந்து வந்துள்ளது. பதிவகத் தாள்களில் இன்று ‘ஆவண எண்’ என்றே அச்சிடுகின்றனர். மக்கள் வாயில் மட்டும் இன்னும் ‘பத்திரம்’ நிற்கிறது. அதனை மாற்றும் வேலை பதிவகத்து எழுத்தர்க்கும், அவரிடம் எழுதச் சொல்லும் நம்மவர்க்கும் உரியது.