கல்லறையா? கால்வாயா?



இன்று நாம் ஒரு கல்லறையைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். திதி, தெவசம் சொல்ல வந்துவிட்டோமோ என்று யாரும் பயப்பட வேண்டாம். செத்தவனுக்குப் பிண்டம் போடுவது நமது வேலையல்ல. செத்தவன் உயிரோடிருந்தபோது என்ன செய்தான் என்று கணக்குப் பார்ப்பதே நமது வேலை.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த புரூக்ளினில், கிரீன்வுட் என்கின்ற பெரிய இடுகாடு ஒன்று இருக்கின்றது. 1838-ல் ஏற்பட்டது. அதில் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட வெண்கலச் சிலை ஒன்று நிற்கின்றது. ஹென்றி கிர்க் பிரௌன் என்ற சிற்பி செய்து, 1853-ல் வைக்கப்பட்டது. சிலைக்குரியவர் டிவிட் கிளிண்டன். பல தடவை அந்நகரத்தின் மேயர். 1817 முதல் 1822 வரையிலும், பிறகு 1825 முதல் 1828-ல் சாகும் வரையிலும் நியூயார்க் ராஜ்யத்தின் கவர்னர். அன்றியும், மூலைமட்டத்தையும் கவராயத்தையும் அடையாளமாக வைத்துக்கொண்டு ரகசியச் சடங்குகள் நடத்தும் பிரீமேசன் சங்கத்துக்கு, அந்த ராஜ்யம் முழுமைக்கும் 1806 முதல் பல வருஷ காலம் தலைவர்.

இவ்வளவு பெரிய மனிதர் செத்தபோது நடந்தது என்ன? வீட்டில் இருந்தது கடன். புதைப்பதற்குச் சொந்த இடமில்லை. ஆல்பனி நகரத்தில் வேறொரு குடும்பத்தாரின் கல்லறையில் இரவலாக வைத்தார்கள். அப்படியே 16 வருஷம் கிடந்தார். 1844-ல்தான் கிரீன்வுட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் பக்தியால் மாத்திரமா? புதிய இடுகாட்டுக்குப் பிணங்கள் போதுமானபடி வரவில்லை. பெயர் பெற்ற ஒருவரைக் கொண்டுவந்து வைத்தால் மற்றவர்களும் பின்னால் வருவார்கள் என்பது நிர்வாகிகளின் எண்ணம். ஸ்தல புராணம் எழுதிக் கூட்டம் சேர்ப்பது நம் ஊர்க்காரர்களுக்கு மாத்திரம் தெரிந்த வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்!

சரி, அவர் செய்ததென்ன? ஈரி ஏரியிலிருந்து ஹட்சன் ஆறு வரை 363 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்ட வேண்டுமென்றார். பெரிய ராஜதந்திரியான ஜெபர்சனே 1809-ல் இது பைத்தியக்காரத்தனத்துக்குச் சமீபம் என்று சொல்லிவிட்டார். பத்திரிகைக்காரர்கள் "கிளிண்டனின் சாக்கடை" என்று பரிகாசம் செய்தார்கள். ஆனாலும் 1817-ல் வெட்ட ஆரம்பித்து 1825-ல் முடித்தார்கள். 83 மதகுப் பூட்டுகள்; செலவு சுமார் 70 லட்சம் டாலர். பலன் என்னவென்றால், பபலோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சாமான் கொண்டுவர சுமார் 100 டாலர் ஆனது போய், சுமார் 10 டாலராயிற்று. எந்த மந்திரத்தால் இது முடியும்? மண்வெட்டியால் முடிந்தது!

கால்வாய்த் திறப்பு விழாவில் கிளிண்டன் ஏரித் தண்ணீரைப் பீப்பாயில் கொண்டுவந்து கடலில் ஊற்றினார்; அதைத் தண்ணீருக்கும் தண்ணீருக்கும் கல்யாணம் என்றார்கள். அந்தக் கூத்து வேண்டியதில்லை என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் 1805-ல் ஏற்பட்ட இலவசப் பள்ளிக்கூடச் சங்கத்துக்குத் தலைவராக இருந்து, எந்தச் சர்ச்சும் கவனியாத ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கிடைக்கச் செய்தாரே, அதை மறைக்க மாட்டோம். அதேபோல், தன் கட்சிக்காரர்களுக்கு உத்தியோகம் பங்கிட்டுக் கொடுத்த பழியும் அவருக்கு உண்டு. அதையும் மறைக்க மாட்டோம்.

தோழர்களே! இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகின்றோம். 1826-ல் படேவியா என்ற ஊரில் வில்லியம் மார்கன் என்பவர் பிரீமேசன் ரகசியங்களைப் புத்தகமாகப் போடப் போவதாகச் சொன்னார். உடனே சிறு கடனுக்காக அவரைச் சிறையில் போட்டார்கள். வெளியில் வந்ததும் சிலர் தூக்கிக்கொண்டு போனார்கள். மனிதர் மறுபடி திரும்பவேயில்லை. கவர்னராயிருந்தவரோ அதே சங்கத்தின் பழைய தலைவர். அவர் என்ன செய்திருக்கலாம்? "நம்மவர்கள்" என்று வாய் மூடியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. குற்றவாளிகளைக் கண்டுபிடிப்பவர்களுக்கு வெகுமதி என்று விளம்பரம் செய்தார். தொகையை 2000 டாலர் வரை உயர்த்தினார். ஆனால் பலன்? கடத்தியவர்களில் சிலருக்குச் சொற்பத் தண்டனை; கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. நல்லவர் ஒருவர் தலைமையில் இருந்தும்கூட ரகசியம் என்பது அயோக்கியனுக்கே கோட்டையாகும் என்பதற்கு இதைவிட என்ன சாக்ஷி வேண்டும்?

அந்தச் சங்கத்தார் பேசுவது உலக சகோதரத்துவம். புரோகிதன் இல்லாமல் மனிதரைச் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பர் 1775-லேயே அதில் சேர்ந்தவராயிருந்தும், அவர் வழியில் வந்த கறுப்பர் சங்கங்களை அமெரிக்க வெள்ளைச் சங்கங்கள் வெகு காலம் வரை சகோதரர்களாக ஒப்புக்கொள்ளவில்லை. பெண்களுக்கோ கதவே திறக்கவில்லை. வாசலில் நிறம் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சகோதரத்துவம் பேசினால், அதற்கும் அக்கிரகாரத்துக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொரு கணக்கும் உண்டு. அந்தச் சிலையின் பீடத்தில் கால்வாய் வெட்டும் கூலிக்காரர்களின் உருவமும் இருக்கின்றது, பெயர் இல்லை. 1819-ல் மான்டெசுமா சதுப்பு நிலத்தில் கொசுக்கடியால் குளிர்காய்ச்சல் கண்டு அவர்கள் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். அந்த நாளில் கெட்ட காற்றால் வந்தது என்றார்கள். கொசுதான் காரணமென்று கண்டுபிடிக்க 1897 வரை ஆயிற்று. ஐரிஷ்காரர்கள் உள்பட எத்தனையோ ஏழைகள் மாண்டார்கள். அவர்களுக்கு வெண்கலம் உண்டா? இரவல் கல்லறையாவது உண்டா? கால்வாய் போன பூமியும் இரோகுவா மக்களிடமிருந்து போனதுதானே!

ஆகவே தோழர்களே, கிளிண்டனை இகழவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். அவருக்கு ஞாபகச் சின்னம் இடுகாட்டிலில்லை. சோறு மலிந்த பட்டணத்திலும், எழுத்துப் படித்த ஏழைப் பிள்ளையிடத்திலும், தன் கூட்டத்தார்மீதே சந்தேகம் வந்தபோது வெளிப்படையாக விசாரிக்கச் சொன்ன அந்த விளம்பரத்திலும் இருக்கின்றது. நாளைக்கு உங்கள் ஊரில் யாருக்காவது சிலை வைக்கப் பணம் கேட்டு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: இவர் எதைச் செய்தார்? தன்னவன் தப்புச் செய்தபோது என்ன செய்தார்? இவருக்காக மண் சுமந்தவன் பெயர் எங்கே? பதில் வந்த பிறகு மடியை அவிழ்க்கலாம்.