கடல் வளமும் மலையகத் தமிழரும்
(அட்டன் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தேயிலை மலையில் நின்று கடலைப் பற்றிப் பேசுவானேன் என்று வினவுவோர் உளர். லயத்து அடுப்பில் வேகும் கருவாடு மலையில் விளைவதன்று.

பாக்குநீரிணையில் நடப்பதென்ன? தமிழகக் கரையிலிருந்து வரும் விசைப்படகுகள் இழுவைமடியைக் கடலின் தரையோடு உராய இழுக்கின்றன. மீனோடு குஞ்சும், குஞ்சு வளரும் கடற்புல்லும், வடபகுதி மீனவன் கடன்பட்டு வாங்கிய வலையும் அள்ளுண்டு போகின்றன. இத்தொழிலை இலங்கைப் பாராளுமன்றம் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தினால் தடைசெய்தது. நல்ல சட்டமே. ஆயினும், தடை வந்த பின்னரும் நமது குருநகரிலிருந்தே இழுவைப் படகுகள் ஓடியதை மறைக்கலாகாது. அயலானுக்கொரு நீதி, நமக்கொரு நீதி எனும் வாதம் எந்த மன்றிலும் நில்லாது.

எல்லை கடந்து பிடிபடுவோன் யார்? பெரும்பாலும் படகு முதலாளி அல்லன். கூலிக்கு ஏறிய ஏழைத் தமிழன். கூலியின் கொடுமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினால் தலைமன்னாரில் கப்பலேற்றப்பட்ட நம் உறவினர் கரையிறங்கியதும் இராமேசுவரத்திலேதான். ஆகவே, சிறை ஒன்றே மருந்தென்று நாம் சொல்லோம்.

2,000 இழுவைப் படகுகளை மூன்றே ஆண்டுகளில் ஆழ்கடற் படகுகளாக மாற்றுவதாக 2017இல் இந்தியாவில் திட்டம் வகுத்தனர். தவணை கடந்தது, வேலை முடியவில்லை. இரு கரையிலும் உறவுடைய நாமே இதனை இரு அரசுகளிடமும் கேட்கத் தக்கவர்கள். இழுவைமடி அடியோடு நிறுத்தப்படல் வேண்டும். வழக்கு, கூலியாள்மீதன்றிப் படகுக்கு உடையவன்மீது தொடரப்படல் வேண்டும். இத்தீர்மானத்தைச் சபைமுன் வைக்கின்றோம். ஏற்போர் கை உயர்த்துக.