பெட்டகத்துக் காசு: விற்பதற்கு முன் மதிப்பறிவோம்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நமது அலுவலகத்துக்கு வருகிறவர்களில் சிலர் ஒரு சுருக்குப் பையையோ பழைய பிஸ்கட் டப்பாவையோ மேசைமேல் வைத்து, "வாப்பா மவுத்தான பிறகு பெட்டகத்தில் கிடந்தது. என்ன தேறும்?" என்று கேட்கிறார்கள். மகள் கல்யாணம், வைத்தியச் செலவு, அடைக்க வேண்டிய கடன் என்று ஒரு நெருக்கடி பின்னால் இருக்கும். நெருக்கடியில் விற்கிற பொருளுக்கு வாங்குகிறவர் சொல்வதுதான் விலை. ஆகவே, அந்த நெருக்கடி வருவதற்கு முன்பே நாம் தெரிந்துகொள்ள வேண்டியதை இன்று பேசுவோம்.

நம் ஊர் வீடுகளில் பழங்காசு இருப்பதில் வியப்பில்லை. நாகப்பட்டினம் துறையிலிருந்து 1973 வரை 'ரஜூலா' கப்பலும், அதன்பின் 'சிதம்பரம்' கப்பலும் நம் பெரியவர்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிச் சென்றன. 1985இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்தது. அத்தோடு அந்தப் போக்குவரத்து நின்றது. சபுராளிகள் கொண்டுவந்த மலாயாக் காசு, சிங்கப்பூர் நாணயச் சாலையின் பெட்டி செட், இந்திய அரசு வெளியிட்ட நினைவு நாணய செட், பாட்டனார் சேர்த்த வெள்ளி ரூபாய் எல்லாம் ஒரே பெட்டகத்தில் கலந்து கிடக்கின்றன.

முதலில், இது யாருடைய பொருள்?

விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். மவுத்தானவரின் காசு, பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவருடையது அல்ல. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வசிய்யத் ஆகியவை போக, மீதி அத்தனையும் வாரிசுகள் அனைவருக்கும் உரியது. வீட்டையும் நிலத்தையும் முறையாகப் பங்கு வைக்கிற குடும்பங்களில்கூட இந்த டப்பா மட்டும் கணக்கில் வராமல் போய்விடுகிறது. "பழைய சில்லறைதானே" என்று யாராவது ஒருவர் எடுத்து வைத்துக்கொள்கிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனைவி, 2 மகன்கள், 1 மகள் வாரிசுகள் என்று வைத்துக்கொள்வோம். காசுகளின் உண்மை மதிப்பு 80,000 ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒன்று, 10,000. மீதி 70,000இல் மகன்களுக்குத் தலா 28,000, மகளுக்கு 14,000. யாரோ ஒருவர் வாய்க்கு வந்தபடி "8,000 பெறும்" என்று சொல்லி அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டால், மகள் கைக்குப் போவது 1,400, உம்மாவுக்கு 1,000. வஞ்சகம் செய்ய வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் இன்னொருவர் ஹக்கு நம் கையில் தங்கிவிடுகிறது. மதிப்பறிவது வியாபாரத் தந்திரம் அல்ல, அமானிதத்தைக் காப்பது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

ஒரு காசுக்கு மூன்று மதிப்பு

ஒன்று, காசின் மேல் பொறித்த மதிப்பு. பழங்காசில் இதற்குப் பெரும்பாலும் பொருளில்லை. 25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டன.

இரண்டு, உலோக மதிப்பு. இதை வீட்டிலேயே கணக்கிடலாம். ஆண்டும் எடையும் தெரிந்தால் போதும். பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். 1939 வரை அடித்ததில் 100க்கு 91.67 பங்கு வெள்ளி, அதாவது 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை அடித்ததில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். 1947ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே இல்லை, முழுக்க நிக்கல். மூன்றிலும் மன்னர் தலை இருக்கிறது. ஆண்டைப் பார்க்காமல் "50 வெள்ளி ரூபாய்" என்று மொத்தமாக விலை பேசினால் ஒன்று நாம் ஏமாறுவோம், இல்லாவிட்டால் வாங்குகிறவர் ஏமாறுவார். இரண்டும் கூடாது.

மலாயாக் காசில் வித்தியாசம் இன்னும் அதிகம். 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்' வெள்ளி டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். 1903, 1904ஆம் ஆண்டு டாலர் 26.95 கிராம்; பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. அதாவது 24 கிராமுக்குச் சற்று மேல். வெள்ளி விலை ஏறியதால் 1907 முதல் டாலரைச் சிறிதாக்கி 20.2 கிராமில் அடித்தார்கள். வெள்ளி 18 கிராம். 1919 முதல் 16.85 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி, 8.4 கிராம். மூன்றுக்கும் பெயர் ஒரு டாலர்தான். கிராம் வெள்ளி 100 ரூபாய் என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால், முதலாவது சுமார் 2,400 ரூபாய், கடைசியானது சுமார் 840 ரூபாய். இந்த டாலர்களில் சீன எழுத்தோடு அரபு எழுத்தும் இருப்பதால் மக்கத்துக் காசு என்று நினைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. அது அரபு லிபியில் எழுதிய மலாய்.

1948க்குப் பின் வந்த மலாயா 10, 20 காசுகளில் வெள்ளி இல்லை. சதுர வடிவச் செம்புக் காசு பார்க்க அழகு. ஏராளமாக அடித்ததால் விலை குறைவு. ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டு 1945க்குப் பின் வெறும் காகிதமாகிவிட்டது. சேகரிப்பவர்கள் சிறு தொகை கொடுப்பார்கள்.

தங்கத்தில், பிரிட்டிஷ் சவரன் 7.98 கிராம், 22 காரட். நாம் 8 கிராமைப் பவுன் என்று சொல்வதே அந்தக் காசை வைத்துத்தான். ஆனால் நகைக்கென்று சவரன் மாதிரியில் அடித்த காசுகளும் நிறைய உள்ளன. எடையும் தரமும் பார்த்தே பேச வேண்டும்.

மூன்று, சேகரிப்பவர் தரும் மதிப்பு. அருமை, தேய்மானம், தேவை ஆகிய மூன்றும் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. பழமை மட்டும் போதாது. 1911ஆம் ஆண்டு ரூபாயில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிந்தது. நம் சமுதாயத்தில் எழுந்த எதிர்ப்பால், வெளியே விடாமல் இருந்தவற்றை உருக்கிவிட்டார்கள். எனவே 1911க்கு நல்ல விலை. உருவத்தைத் திருத்தி அடித்த 1912க்கும் அதன்பின் வந்தவற்றுக்கும் பெரும்பாலும் வெள்ளி விலைதான். 1939ஆம் ஆண்டு ரூபாயும் அரியது. அதனாலேயே அதில் போலியும் அதிகம்.

காசோடு நோட்டும் இருந்தால் அதையும் பாருங்கள். 1959இல் ஹஜ் பயணிகளுக்கென்றே ரிசர்வ் வங்கி 10, 100 ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. வரிசை எண்ணுக்கு முன்னால் 'எச்.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். வளைகுடா நாடுகளுக்கென வந்தவற்றில் 'இஸட்' இருக்கும். இவை கிடைப்பது மிக அரிது. குர்ஆன் உறைக்குள்ளோ பழைய பாஸ்போர்ட்டிலோ இருந்தால், உரிய இடத்தில் காட்டாமல் கொடுத்துவிடாதீர்கள்.

செட்டைப் பிரிக்காதீர்கள்

அரசு நாணயச் சாலைகள் வெளியிடும் செட்டுகளில் இரண்டு வகை உண்டு. கண்ணாடிபோல் பளபளக்கும் 'புரூஃப்' செட் ஒன்று. புழக்கத்துக்குப் போகாத சாதாரண செட் மற்றொன்று. 1969இல் வந்த காந்தி நூற்றாண்டு 10 ரூபாய் நாணயம் 15 கிராம். அதில் 12 கிராம் வெள்ளி. தனியாக இருந்தால் வெள்ளி விலையை ஒட்டிப் போகும். அதே நாணயம், உடன் வந்த மற்ற நாணயங்களோடு, நாணயச் சாலையின் பெட்டியும் அட்டையும் குலையாமல் இருந்தால் அதன் கதையே வேறு.

இங்கேதான் பாகப்பிரிவினையில் தவறு நடக்கிறது. நானாவுக்கு 2, தம்பிக்கு 2, லாத்தாவுக்கு 1 என்று காசைப் பிரித்துக்கொள்கிறார்கள். நியாயம் போலத் தெரியும். ஆனால் செட் உடைந்த நொடியிலேயே அனைவருக்கும் நட்டம். பிரிக்க வேண்டியது காசை அல்ல, மதிப்பை. குடும்பத்தில் ஒருவர் அந்த மதிப்பை ஏற்று செட்டை எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு அவரவர் பங்கைப் பணமாகக் கொடுக்கலாம். யாருக்கும் வேண்டாம் என்றால் முழுதாக விற்றுப் பங்கிடலாம். வாரிசுகளில் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பங்கை விட்டுக்கொடுக்கப் பெரியவர்களுக்கு உரிமை இல்லை.

அதேபோல், காசைத் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பாலிஷ் எதுவும் வேண்டாம். கறுத்த வெள்ளியைச் சேகரிப்பவர் விரும்புவார்; பளபளவென்று தேய்த்ததை ஒதுக்குவார். சுனாமியின் உப்புநீர் பட்ட காசாக இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, துடைக்காமல் நிழலில் உலரவிடுங்கள். புரூஃப் நாணயத்தை விரலால் தொடாதீர்கள். காசுமாலைக்காகக் கொக்கி பற்றவைத்த காசுக்கு உலோக மதிப்பு மட்டுமே மிஞ்சும்.

எங்கே கேட்பது?

முதலில் வீட்டிலேயே ஒரு பட்டியல் போடுங்கள். நாடு, ஆண்டு, மதிப்பு, எடை, எண்ணிக்கை. இந்திய நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே உள்ள குறியையும் எழுதுங்கள். மும்பைக்குச் சாய்சதுரம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறி இல்லை. இரு பக்கமும் படம் எடுத்து எல்லா வாரிசுகளுக்கும் அனுப்பிவிடுங்கள். பிறகு யாருக்கும் சந்தேகம் வராது.

அடுத்து நகைக்கடை. அங்கே கிடைப்பது உலோக மதிப்பு மட்டும். அதுவே நமக்குக் கீழ்வரம்பு. காசை உரைகல்லில் உரசவோ வெட்டவோ விடாதீர்கள். காசைக் கொடுத்து அதற்கு ஈடாக நகை வாங்குவதைவிட, பணமாக விற்று, பிறகு பணத்துக்கு நகை வாங்குவது மார்க்க அடிப்படையில் பேணுதலானது. விவரத்தை இமாம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, நாணய வியாபாரிகள் இருவர் மூவரிடம் தனித்தனியே கேளுங்கள். சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சேகரிப்போர் சங்கங்கள் உண்டு. மும்பை, பெங்களூரு ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை வெளியிடுகின்றன. விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். கேட்டலாக்கில் போட்டிருப்பது சேகரிப்பவர் வாங்கும் விலை. வியாபாரி அதைவிடக் குறைத்துத்தான் தருவார். அது அவர் பிழைப்பு.

ஏமாற்றும் சட்டமும்

786 என்று எண் உள்ள நோட்டுக்கு லட்சம் ரூபாய், டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய்க்கு லட்சம் ரூபாய் என்று செல்போனில் வருகிற விளம்பரங்களை நம்பாதீர்கள். "பதிவுக் கட்டணம் கட்டுங்கள், வரி கட்டுங்கள்" என்று நம்மிடமே பணம் கறப்பார்கள். தன் பெயரைச் சொல்லி இப்படி நடக்கிறது, தான் பழங்காசு வியாபாரத்தில் ஈடுபடுவதே இல்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. வாங்குகிறவர் நமக்குப் பணம் தர வேண்டும். நாம் அவருக்குத் தருவதென்றால் அது மோசடி. அரிசியை இழுக்கும் 'இரிடியம்' காசு என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

100 ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. 1903ஆம் ஆண்டு டாலர் சிங்கப்பூரிலிருந்தே வந்ததானாலும், "அங்கே நல்ல விலை" என்று போகிறவர் பெட்டியில் வைத்து அனுப்பாதீர்கள். நம் ஊர் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது. கடைக்கால் தோண்டும்போது அவர்கள் காலத்துச் செப்புக் காசு கிடைத்தால் அது பரம்பரைச் சொத்து அல்ல. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். விற்கும்போது ரசீது வாங்குங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ஒருவரிடமிருந்து ரொக்கமாக வாங்கக் கூடாது. வங்கி வழியாக வாங்குங்கள்.

அன்பானவர்களே, வீட்டுக்குப் போனதும் பெட்டகத்தைத் திறந்து பட்டியலைத் தொடங்குங்கள். எழுதத் தெரியாத தாய்மார்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் கண்ணெதிரிலேயே எடை போட்டு, எழுதித் தருகிறோம். காசை நாங்கள் வாங்கி வைத்துக்கொள்வதும் இல்லை, விற்றுத் தருவதும் இல்லை. வெள்ளியும் தங்கமும் ஜகாத் கணக்கில் சேரும் என்பதால் அந்தப் பட்டியல் அதற்கும் உதவும். ஒரு காசுகூட விற்காவிட்டாலும், யாருக்கு எவ்வளவு என்பது எழுத்தில் இருந்தால் நாளை பிள்ளைகளுக்குள் மனத்தாங்கல் வராது.

கடல் தாண்டிப் போய் உழைத்து, வயிற்றைக் கட்டிச் சேர்த்தவர்களின் கப்ருகளை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! அவர்கள் விட்டுச் சென்றதை உரியவர்களிடம் குறைவின்றிச் சேர்ப்பவர்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.