விழா மறவாத நகர்



தமிழகத்தில் வேனில் கடுமையானது. நண்பகலில் தெருக்கள் வெறிச்சோடும். மக்கள் நிழல் தேடி ஒதுங்குவர். ஆயினும் தமிழரின் பெருநகர்கள் தம் பெருவிழாவை இவ்வேனிலிலேயே வைத்துக்கொண்டன. காவிரிப்பூம்பட்டினத்தின் இந்திரவிழா சித்திரைத் திங்களில் நிகழ்ந்தது. மதுரையின் பெருவிழா இன்றும் சித்திரையில் நிகழ்கிறது. இரண்டும் தெருவிலும் நீர்க்கரையிலும் எடுக்கப்பெறும் விழாக்கள். தெருவுக்கு வாயில் இல்லை. ஆகவே வாயிலில் காசு கேட்பாரும் இல்லை. கூலி வேலை செய்பவன் தன் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து, ஊர்ச்செல்வர் காணும் அதே காட்சியைக் காணலாம். செலவில்லாத இக்களிப்பு எங்ஙனம் கிடைக்கிறது, அதற்குப் பொறுப்பு யாருடையது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் புகார் நகருக்குச் செல்வது தகும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தையும் 1898ஆம் ஆண்டில் மணிமேகலையையும் பதிப்பித்து வெளியிட்டார். கடல் கொண்ட ஒரு நகரத்தின் விழா, இவ்விரு பதிப்புகளாலும் தமிழ் மக்களின் பரவலான அறிவுக்கு மீண்டும் வந்து சேர்ந்தது.

மணிமேகலையின் முதற் காதைக்கு விழாவறை காதை என்று பெயர். விழாவை அறிவிக்கும் காதை என்பது பொருள். அகத்திய முனிவர் உரைத்தவாறு, தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன் என்னும் சோழன் இந்திரனை வணங்கி, தன் நகரில் இருபத்தெட்டு நாளும் வந்து உறையுமாறு வேண்டினான், இந்திரனும் இசைந்தான். விழா பிறந்த வரலாறு இது. அவ்விழாவை ஆண்டுதோறும் தொடங்குமுன் நகரத்தார் கூடி ஆராய்கின்றனர். விழா மறந்தால் நாளங்காடிப் பூதம் துன்பம் செய்யும் என்றும் சதுக்கப்பூதம் நகரை விட்டு நீங்கும் என்றும் அஞ்சுகின்றனர். பின்னர் வச்சிரக் கோட்டத்து முரசத்தை யானையின் பிடரியில் ஏற்றி, முதுகுடியிற் பிறந்தான் ஒருவன் தெருத்தெருவாக விழாச் செய்தியை அறைகின்றான்.

அவன் கூறும் செய்தி ஊன்றிப் படித்தற்கு உரியது. நகரையும் மன்னனையும் வாழ்த்தியபின் அவன் வேலைகளை வரிசைப்படுத்துகிறான். தெருவெங்கும் பூரண கும்பமும் பாலிகையும் பாவை விளக்கும் பரப்ப வேண்டும். குலை சாய்ந்த கமுகும் வாழையும் கரும்பும் நட வேண்டும். வீதியிலும் மன்றத்திலும் பழைய மணலை அகற்றிப் புதுமணல் இட வேண்டும். நெற்றிக்கண் இறைவன் முதலாகச் சதுக்கத்துத் தெய்வம் ஈறாக எல்லாத் தெய்வங்களுக்கும் உரிய சிறப்பினை, முறை அறிந்தோர் செய்ய வேண்டும். அறம் உரைப்போர் பந்தலிலும் பொதியிலிலும் அமர வேண்டும். சமய வாதம் செய்வோர் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏற வேண்டும். பகைவரைக் கண்டாலும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்ல வேண்டும். மணற்குன்றிலும் சோலையிலும் ஆற்றிடைக்குறையிலும் நீர்த்துறையிலும் தேவரும் மக்களும் ஒன்றாகத் திரியும் இருபத்தெட்டு நாளிலும் இவற்றை மறவாது இருக்க வேண்டும்.

களிப்பைப் பற்றிய அறிவிப்பாக இருந்தும் இதில் களிப்பு என்னும் பேச்சே குறைவு. மணல் மாற்றுவதும் விளக்கு வைப்பதும் பூசல் தவிர்ப்பதுமே மிகுதி. இன்றைய நகராட்சி அலுவலர் விழா முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் எழுதிக்கொள்ளும் குறிப்பைப் போலவே அது அமைந்துள்ளது. பழமணல் ஏன் மாற்றப்பட வேண்டும்? ஓராண்டு வண்டியும் விலங்கும் நடந்து அழுக்கேறிய மணல் அது. அதன்மேல் ஏழையும் குழந்தையும் முதியோரும் வெறுங்காலோடு நடக்க வேண்டும். தேவரும் மக்களும் கலந்து திரியும் இடம் என்று சாத்தனார் கூறும் பெருமிதம், முன்னே புதுமணல் பரப்பியவனின் உழைப்பின்மீது நிற்கிறது.

இவ்வுண்மையை இளங்கோவடிகள் வேறொரு வகையில் காட்டுகிறார். கடலாடு காதையில் கோவலனும் மாதவியும் வைகறையில் கடற்கரைக்குச் செல்கின்றனர். இருள் நீங்காத அப்பொழுதில் மணற்பரப்பெங்கும் விளக்குகள் தெரிகின்றன. அவற்றை அடிகள் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். வண்ணமும் சாந்தும் மலரும் விற்போர் விளக்கு ஒன்று. கம்மியர் கைவினை செய்யும் விளக்கு ஒன்று. பிட்டு விற்போர் விளக்கு, அப்பம் சுடுவோர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, கலங்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கு, பரதவர் திமில் விளக்கு, வேற்றுமொழி நாட்டினர் வைத்த விளக்கு, பண்டம் காப்போர் விளக்கு என்று அவ்வரிசை நீள்கிறது. மணலில் வெண்சிறுகடுகு விழுந்தாலும் கண்டெடுக்கலாம் என்னுமளவுக்கு அங்கு ஒளி மிகுந்திருந்தது.

இவ்வரிசையில் அழகுக்கென வைத்த விளக்கைத் தேடினால் கிடைப்பது அரிது. பெரும்பாலும் வேலை செய்வோர் தம் வேலைக்காக ஏற்றிய விளக்குகளே அவை. விழாக் காண வந்தோர் கண்ட ஒளி, உறங்காமல் உழைத்தோரின் ஒளி. பிட்டு விற்கும் பெண்ணுக்கு அன்று விழா இல்லை. அவளால் பிறர்க்கு விழா இருந்தது.

அதே காதையில் கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. பொதுவான அக்கடற்கரையில் செல்வக் குமரரும் ஆடல் பாடல் மகளிரும் எழினிகளால் தமக்கென இடம் வகுத்துக்கொள்கின்றனர். புன்னை நீழலில் ஓவிய எழினி சூழ, மேலே விதானம் கட்டிய தனியிடத்தில் கோவலனும் மாதவியும் அமர்கின்றனர். அங்கேதான் யாழ் கை மாறுகிறது, கானல்வரி பிறக்கிறது, ஒருவர் பாட்டை மற்றவர் பிறழ உணர்கின்றார். ஊரே கூடிக் களித்த கரையில், திரையிட்ட ஒரு சிற்றிடத்தில் அப்பிரிவு நேர்ந்தது. நகரின் விழா தனிமனிதரின் துயரை விலக்கிவிடும் என்று அடிகள் எங்கும் உறுதி கூறவில்லை. நகரம் தரக்கூடியது இடமும் ஒளியும் ஆகும். அவற்றைக் கொண்டு மகிழ்வதும் பிரிவதும் வந்தோரைப் பொறுத்தன.

அத்தகைய விழா ஓராண்டு நின்றது. நெடுமுடிக்கிள்ளி நாகநாட்டு இளவரசி பீலிவளையிடம் பெற்ற மகன் கலத்தில் வருகையில், கலம் உடைந்து குழந்தை காணாமற் போனான். மகனைத் தேடும் துயரில் மன்னன் இந்திரவிழாவை மறந்தான். மணிமேகலா தெய்வம் அதனைப் பொறாது சினந்தது; புகாரைக் கடல் கொண்டது. மகனை இழந்த தந்தை விழாவை மறந்தமை இயல்பே; அவனைக் குறை கூற எவர்க்கும் மனம் வாராது. எனினும் காப்பியம் அவ்விடத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. விழா மன்னனின் மனநிலையைப் பொறுத்ததன்று. நகர மக்கள் அனைவர்க்கும் செலுத்த வேண்டிய கடன் என்பதே சாத்தனாரின் துணிபாகத் தோன்றுகிறது.

இனி மதுரைக்கு வருவோர், காப்பியத்தில் படித்ததைக் கண்ணெதிரே காணலாம். மீனாட்சியம்மன் கோயிலில் கொடியேற்றத்துடன் தொடங்கும் சித்திரைப் பெருவிழா பன்னிரண்டு நாள் நடைபெறுகிறது. பட்டாபிடேகம், திக்குவிசயம், திருக்கல்யாணம், தேரோட்டம் என அது வளரும். அதனோடு ஒட்டி, அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு மதுரை வந்து, சித்திரை முழுநிலவு நாளில் தங்கக் குதிரை வாகனத்தில் வைகையில் இறங்குகிறார். தனித்தனியே நிகழ்ந்த சைவ விழாவையும் வைணவ விழாவையும் ஒரே காலத்தில் அமையச் செய்தவர் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் என்பர். மண்டூக முனிவருக்கு அருள வருகிறார் அழகர் என்பது தலபுராணம். தங்கையின் திருமணத்துக்குப் பிந்தி வந்த அண்ணன் சினந்து ஊருக்குள் நுழையாது திரும்புகிறான் என்பது மக்கள் கதை. இரு விழாக்களையும் இணைத்த அரசாணையைவிட, அவற்றை அண்ணன் தங்கை உறவாக்கிய இக்கதையே மக்கள் நெஞ்சில் ஆழ்ந்து நிற்கிறது.

இவ்விழாவைத் துய்க்கும் முறையை மதுரை மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. திருக்கல்யாண நாளில் சுமங்கலிப் பெண்கள் தம் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்கின்றனர். எதிர்சேவையன்று இரவெல்லாம் விழித்திருந்து அழகரை வரவேற்கின்றனர். அழகர் போன்று வேடமிட்டோர் தோற்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சுகின்றனர். அழகர் உடுத்தி வரும் பட்டின் நிறத்தை அனைவரும் உற்று நோக்குகின்றனர். பச்சைப் பட்டெனில் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. அடுத்த இரவு தசாவதாரக் காட்சிக்கு விடிய விடியக் காத்திருக்கின்றனர்.

வழியெங்கும் மண்டகப்படிகள்; அவற்றில் அழகர் தங்கித் தங்கி வருகிறார். தெருமுனைதோறும் நீர்மோர்ப் பந்தல்கள். பானகமும் விசிறியும் கேளாமலே கைக்கு வருகின்றன. வந்தோர் எச்சாதியார், எவ்வூரார் என்று பந்தலில் நிற்பவர் வினவுவதில்லை. காண்போர்க்குக் காசு செலவில்லை என்பது உண்மையே. ஆனால் மோருக்குத் தயிரும், பந்தலுக்குக் கீற்றும், தேருக்கு வடமும், மறுநாள் குப்பை அள்ளும் கைகளும் விலையின்றி வந்தவை அல்ல. வணிகரும் தெருவாரும் உறவின்முறையாரும் துப்புரவுப் பணியாளரும் அவ்விலையைத் தம்முள் பகிர்ந்துகொள்கின்றனர். புகாரின் கடற்கரை விளக்குகளுக்கும் வைகைக்கரை மோர்ப்பந்தல்களுக்கும் உறவு உண்டு.

திருக்கல்யாணத்தைக் காணக் கட்டணச் சீட்டு முறையும் உண்டு. கட்டணமின்றிக் காணவும் வழி உண்டு. கோயிலின் உட்புறம் இடம் குறுகியது. அங்கு இவ்வேற்பாட்டுக்குக் காரணம் கூறலாம். மாசி வீதியில் தேர் வரும்போதும் ஆற்றில் அழகர் இறங்கும்போதும் பொதுவெளியே அரங்கம். அங்கும் தடுப்புகளும் அனுமதிச் சீட்டுகளும் பெருகுமாயின், எழினிகள் மிகுந்து மணற்பரப்பு சுருங்கிய கடற்கரையாக அது மாறிவிடும்.

ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று கிடைக்கும் பரிபாடலின் இருபத்திரண்டு முழுப் பாடல்களில் எட்டு வையையைப் பற்றியவை. புதுவெள்ளம் வந்தது என்று கேட்டவுடன் மதுரையே ஆற்றை நோக்கி ஓடுவதை அவை பாடுகின்றன. அன்று ஆறு வந்தது. அதனால் விழா எழுந்தது. இன்று விழா வருகிறது. அதற்காக, 1959இல் திறக்கப்பெற்ற வைகை அணையிலிருந்து நீர் திறந்துவிடப்படுகிறது. அந்நீர் வடிந்தபின் ஆற்றின் நிலை யாது என்று ஆண்டு முழுவதும் வினவுவதும் விழாக் கொண்டாடுவோரின் கடமையே.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாக மதுரை விழா நின்றது. திருக்கல்யாணம் அடியார் கூட்டமின்றி நடந்தேறியது. மக்கள் அதனை வீட்டுத் திரையிற் கண்டனர். அழகர் ஆற்றுக்கு வரவில்லை. 2021ஆம் ஆண்டிலும் விழா கோயில் வளாகத்துக்குள் அடங்கியது. நெடுமுடிக்கிள்ளியின் மறதிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அவன் துயரால் மறந்தான். இங்கு மக்கள் உயிரைக் காக்கும் பொருட்டு, மறவாமலே நிறுத்தினர்.

இரண்டாண்டு இடைவெளிக்குப் பின் 2022 ஏப்ரல் 16ஆம் நாள் அழகர் மீண்டும் ஆற்றில் இறங்கினார். ஏக்கம் பெருகிய கூட்டம் கரையில் திரண்டது. அந்நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். அன்று அவ்விரு வீடுகளில் விழா இல்லை. பின்வரும் எல்லாச் சித்திரை முழுநிலவும் அவ்வீடுகளுக்கு நினைவு நாளாகும்.

இந்நிகழ்ச்சியைக் கூறி விழாவே வேண்டாம் என்பாரும் உளர். கூட்டம் என்றால் இவ்வாறுதான் இருக்கும் என்று கடந்து செல்வாரும் உளர். மணிமேகலை இவ்விருவர்க்கும் விடை வைத்திருக்கிறது. விழாவை மறப்பது நகரை இழப்பதாகும். ஆகவே விழா வேண்டும். முரசறைவோன் கூறிய வேலைகளைச் செய்து முடித்த பின்னரே விழா தொடங்க வேண்டும். எந்த வழியாக வருவது, எந்த வழியாக வெளியேறுவது, எங்கே நிற்பது, எங்கே நீர் கிடைக்கும், குழந்தை தவறினால் எங்கே தேடுவது என்பனவே இன்றைய புதுமணல். நெருக்கத்தில் முன்னால் நிற்பவரைத் தள்ளாது ஓரடி பின்வாங்குவதே இன்றைய மக்களுக்கு, செற்றமும் பூசலும் தவிர்க்க என்ற பழைய கட்டளையின் பொருள்.

பத்தாண்டுகளாக இவ்விலக்கிய வட்டத்தின் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை என்பதை அவையோர் அறிவர். கூட்டம் தொடங்குமுன் நாற்காலி இட்டவரையும், முடிந்தபின் விளக்கணைத்துக் கதவு பூட்டியவரையும் அவர்கள் அறிவர். பெருநகரின் பெருவிழாவும் அத்தகைய கைகளாலேயே நடைபெறுகிறது. அடுத்த சித்திரையில் வைகைக்கரையில் நின்று அழகரைக் காணும் கண்கள், அவர் போனபின் மிதிபட்ட மணலையும் அதனைப் பெருக்கித் தூய்மை செய்வோரையும் ஒருமுறை காணுமாயின், முரசறைவோன் சொல் வீண்போகவில்லை எனலாம்.