கூரையில் விளக்கு, தரையில் வெளிச்சம்



தொழிற்கூடங்களிலும் கிடங்குகளிலும் பழைய விளக்குகளை எடுத்துவிட்டு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் விளக்குகளைப் பொருத்துவது செலவா, சேமிப்பா? இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசியவர்கள் மின் கட்டணத்தை வைத்து வாதாடினார்கள். நான் அந்த விளக்கின் கீழே நிற்பவரை வைத்துப் பேச வந்திருக்கிறேன்.

சிலிம் ரிவர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் தோட்டங்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன தலைமுறை அங்கே வாழ்ந்தது. பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம்தான் ஜெனரேட்டர் ஓடும். அது நின்றால் லயம் முழுக்க இருட்டு. அந்தத் தொழிலாளியின் வெளிச்சம் அவர் நெற்றியில் இருந்தது. திரியைக் கூட்டவும் குறைக்கவும் அவர் கையால் முடிந்தது.

இன்று அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் செம்பனை ஆலைகளிலும், பட்டறைகளிலும், சரக்குக் கிடங்குகளிலும், 2003-இல் புரோட்டோன் ஆலை திறக்கப்பட்ட தஞ்சோங் மாலிம் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். இப்போது வெளிச்சம் முப்பது அடி உயரத்தில் தொங்குகிறது. அதை மாட்டியவர் வேறொருவர். அது போதவில்லை என்றால் கீழே நிற்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே, மாட்டுகிறவருக்குப் பொறுப்பு கூடியிருக்கிறது.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். உயரமான கூரைகளில் 400 வாட் மெட்டல் ஹாலைட் விளக்குகளை நிறையப் பார்க்கலாம். சோக் எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் ஒரு விளக்கு ஏறக்குறைய 450 வாட் இழுக்கும். அந்த இடத்தில் 150 வாட் எல்.இ.டி. விளக்கு பெரும்பாலும் போதும். விளக்கு ஒன்றுக்கு 300 வாட் மிச்சம். நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் எரிந்தால் 1,080 யூனிட். இருபது விளக்கென்றால் 21,600 யூனிட். யூனிட் 50 சென் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 10,800 ரிங்கிட். சிறு முதலாளிக்கு இது சின்னத் தொகையா? பழைய விளக்கை அணைத்தால் மறுபடி எரியப் பத்து நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அதனால் ஆள் இல்லாத நேரத்திலும் அது எரிந்துகொண்டே இருக்கும். எல்.இ.டி. சொன்னவுடன் எரியும், ஆள் இல்லாதபோது அணைத்து வைக்கலாம்.

ஆக, சேமிப்பு உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்பர்களே, இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாமே என்று இருபது விளக்கைப் பன்னிரண்டாகக் குறைக்கும் ஆசை எங்கே கொண்டுபோய் விடுகிறது? அடுக்குகளுக்கு இடையே இருட்டு விழுகிறது. போர்க்லிப்ட் ஓட்டுகிறவருக்குப் பெட்டிகளின் மறைவிலிருந்து வருகிற ஆள் தெரிவதில்லை. விலை மலிவு என்று வாங்கிய விளக்கு கண்ணைக் கூசவைத்தால், நிமிர்ந்து மேல் தட்டைப் பார்க்கிறவருக்குச் சில விநாடி எதுவுமே தெரியாது. நடுங்கும் வெளிச்சத்தில் சுழலும் இயந்திரம் நின்றுவிட்டதைப் போலக்கூடத் தோன்றும். அங்கே கை வைத்தால் என்ன ஆகும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 60 வயதுக் கண்ணுக்குள் போய்ச் சேரும் ஒளி, 20 வயதுக் கண்ணில் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். தோட்ட வேலை போய், ஐம்பதைத் தாண்டிய பிறகு கிடங்கில் இரவு வேலை பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! இளம் மேற்பார்வையாளருக்குப் போதும் என்று தோன்றும் வெளிச்சம் அவருக்குப் போதாது.

இதற்கு வழி எளிது. அளந்து பாருங்கள். லக்ஸ் மீட்டர் என்ற சிறு கருவி போதும். ஐ.எஸ்.ஓ. 8995 என்ற அனைத்துலகத் தரம், 2002-ஆம் ஆண்டுப் பதிப்பில், சரக்கு அறைக்கு 100 லக்ஸ், ஆள் தொடர்ந்து நின்று வேலை செய்தால் 200, பொட்டலம் கட்டும் இடத்துக்கு 300 என்று குறித்தது. விளக்கை மாற்றுவதற்கு முன் ஒருமுறை, மாற்றிய பின் ஒருமுறை, கை வேலை நடக்கும் இடத்தில் அளந்து சுவரில் எழுதி ஒட்டுங்கள். அப்போது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் கணக்கு ஒன்றாகிவிடும்.

"சட்டம் பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்கலாம். 2024-ஆம் ஆண்டு எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 60 லட்சம் யூனிட்டும் அதற்கு மேலும் எரிசக்தி பயன்படுத்தும் பெரிய நிறுவனங்கள்தாம் அதன்படி எரிசக்தி நிர்வாகியை நியமிக்க வேண்டும். சிலிம் ரிவரில் பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவரைத் தட்டிக் கேட்க வேண்டியது அவர் மனசாட்சிதான்.

காலமும் காத்திருக்காது. 2023-இல் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், பாதரசம் உள்ள நீள டியூப் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்த முடிவெடுத்தன. கடையில் டியூப் கிடைக்காத நாளில் அவசரமாக மாற்றுவதைவிட, இன்றே திட்டமிடுவது நல்லது. மாற்றும்போது பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். பழைய சோக் இருக்கும் சட்டத்தில் கிடைத்த எல்.இ.டி. குழாயைச் செருகிவிட்டுப் போவது ஆபத்து. கழற்றிய டியூப்களைக் குப்பையில் உடைத்துப் போடாதீர்கள். பாதரசக் கழிவு, 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி நம் நாட்டில் திட்டமிட்ட கழிவு வகையில் சேர்ந்தது. உடைக்கிறவர் மூச்சில் அது போகும்.

"முதல் செலவுக்குப் பணம் எங்கே?" என்பார்கள். சேர்ந்து வாங்குங்கள். 2014-இல் இந்திய அரசு நிறுவனம் புதுச்சேரியில் தொடங்கிய வீட்டு எல்.இ.டி. திட்டம் நல்ல உதாரணம். மொத்தமாக வாங்கியதால், 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. நமக்கும் இது புதிதல்ல. இதே பேராக் மண்ணில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளரின் பத்துப் பத்து வெள்ளியைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கவில்லையா? ஒரு வட்டாரத்துச் சிறு முதலாளிகள் கூடி இருநூறு விளக்கு வாங்க முடியாதா?

ஆகவே, மன்றத் தலைவர் அவர்களே, என் தீர்ப்பு இதுதான். அளந்து மாட்டிய விளக்கு சேமிப்பு. அளக்காமல் மாட்டிய விளக்கு, கட்டணம் குறைந்தாலும், செலவுதான். அந்தச் செலவை யாரோ ஒருவர் தம் விரலால் கட்ட வேண்டி வரலாம். நாளைக் காலை உங்கள் கிடங்குக்குப் போனதும் கூரையைப் பார்க்காதீர்கள். தரையைப் பாருங்கள். அங்கே வேலை செய்கிறவரிடம், "அண்ணே, எழுத்துத் தெரிகிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.